பயப்படுற, சீறுற வளர்ப்புப் பாம்பை மிரட்டாம கையில எடுக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இங்க எழுதியிருக்கிறது எல்லாம் விஷமில்லாத, கூண்டுலயே பொறந்து வளர்ந்த பாம்புகளுக்கு மட்டும்தான். கார்ன் ஸ்நேக், பால் பைத்தான், கிங் ஸ்நேக், கார்பெட் பைத்தான் இந்த மாதிரி. லேசான விஷம் இருக்கிற ஹாக்னோஸ் பாம்பு ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, அதைப் பத்தி கீழ தனியா சொல்லியிருக்கேன். மத்த விஷப்பாம்புக்கும் வெளியில இருந்து புடிச்ச பாம்புக்கும் இதுல ஒரு வரி கூட பொருந்தாது, அதுங்கள தொடவே தொடாதீங்க. எந்தப் பாம்பை வளர்க்கலாம்னு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், அதையும் பார்த்துக்கோங்க.

என் பாம்பு என்னைப் பார்த்தாலே சீறுது. கோவக்காரப் பாம்பா?

கோவம் இல்லங்க, பயம். பாம்புன்னா படையும் நடுங்கும்னு கேட்டே வளர்ந்துட்டோம், ஆனா கூண்டுக்குள்ள நிஜமா நடுங்கிட்டு இருக்கிறது பாம்புதான். கையும் இல்ல காலும் இல்ல, மேல இருந்து ஏதோ ஒண்ணு பெருசா, சூடா அது மேல இறங்குது. காட்டுல அப்படி மேல இருந்து இறங்குறது பருந்து, அது வந்தா தூக்கிட்டுப் போகத்தான் வரும். ஓட வழி இருந்தா பாம்பு ஓடிடும், ஒளிய இடம் இருந்தா ஒளிஞ்சிடும், ரெண்டும் இல்லன்னாதான் உடம்பை ஊதிக்கிட்டு சீறும், வாலை படபடன்னு ஆட்டும், கழுத்தை வளைச்சு வச்சுக்கும், அதுக்கும் நாம அசையலன்னா கடைசியா கொத்தும். அதனால ஒரு பாம்பு கொத்துற வரைக்கும் வந்திருக்குன்னா, பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே மூணு நாலு தடவை "கிட்ட வராத"ன்னு அது பாஷையில சொல்லியிருக்கு, நாம கவனிக்கலன்னு அர்த்தம்.

பாம்பு மனசுல வச்சு பழி வாங்கும்ங்கிற பேச்சையும் விட்ருங்க. போன வாரம் நீங்க கூண்டு கழுவுனதுக்கு இந்த வாரம் கொத்தாது. ஆனா "இந்தக் கை வந்தா எப்பவும் பிடிச்சு இழுக்கும்"னு பழகிக்கும், அதே மாதிரி "இந்தக் கை வந்தா ஒண்ணும் ஆகாது"ன்னும் பழகிக்கும். இந்தப் பக்கம் முழுக்க நாம செய்யப் போறது அந்த ரெண்டாவது பழக்கத்தை உண்டாக்குறதுதான்.

வாங்கிட்டு வந்து எத்தனை நாள் கழிச்சு கையில எடுக்கலாம்?

குறைஞ்சது ஒரு வாரம், ரெண்டு வாரம்னா இன்னும் நல்லது. ஆனா நாளை மட்டும் எண்ணாதீங்க, சாப்பாட்டை எண்ணுங்க. தொடர்ந்து ரெண்டு மூணு தடவை ஒழுங்கா இரையை முழுங்கி, கக்காம ஜீரணிச்சு, கழிவும் போயிடுச்சுன்னா பாம்பு இடத்துக்குப் பழகிடுச்சுன்னு ஓரளவு நம்பலாம். அதுவரைக்கும் தண்ணி மாத்துறது, அசிங்கத்தை எடுக்கிறது, அவ்வளவுதான். புதுசா வாங்கினவங்க எல்லாருக்கும் முதல் நாளே கையில வச்சு போட்டோ எடுக்கணும்னு ஆசை இருக்கும், எனக்கும் இருந்துச்சு. என் கார்ன் ஸ்நேக் குட்டிய நான் வந்த அன்னைக்கே எடுத்துட்டேன், மறுநாளும் எடுத்தேன். அது அடுத்து மூணு வாரம் எதையும் தொடல, கையைப் பார்த்தாலே வாலை ஆட்ட ஆரம்பிச்சிருச்சு. அந்தப் பயத்தைப் போக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு, முதல்லயே ரெண்டு வாரம் சும்மா இருந்திருந்தா அந்த நாலு மாசம் மிச்சம்.

பயந்திருக்கா, நிம்மதியா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாம்புக்கு முகத்துல ஒண்ணும் தெரியலையே?

முகத்துல தேடாதீங்க. இமையே கிடையாது, கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் இருக்கு, தூங்கும்போதும் கண்ணு திறந்துதான் இருக்கும். நாக்கையும், கழுத்தையும், உடம்போட இறுக்கத்தையும் பாருங்க.

நாக்கு மெதுவா, நீளமா வெளிய வந்து மேலயும் கீழயும் ஆடிட்டு உள்ள போச்சுன்னா அது சுத்தி என்ன இருக்குன்னு மோந்து பார்க்குது. நாக்குல ஒட்டுற வாசனையை மேல்வாயில இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டு போய் அங்கதான் என்னன்னு தெரிஞ்சுக்கும். ஆர்வமா இருக்கிற பாம்பு இப்படித்தான் செய்யும். நாக்கே வராம உறைஞ்சு போய் இருந்தா, அல்லது கழுத்து 'எஸ்' மாதிரி வளைஞ்சு தலை பின்னாடி போயிருந்தா, அது பயம். உடம்பு விறைப்பா இருக்கிறது, தொட்ட இடம் வெடுக்குனு துள்ளுறது, தலையை சுருளுக்கு அடியில சொருகிக்கிறது, மூச்சு வேகமா உடம்பு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறி இறங்குறது, நாத்தமடிக்கிற திரவத்தை உங்க மேல விடுறது எல்லாம் ஒரே செய்திதான்.

இதுல நிறைய பேர் ஏமாந்து போற ஒரு இடம் இருக்கு, அது சும்மா அசையாம இருக்கிறது. "என் பாம்பு ரொம்ப சமத்து, கையில வச்சா அசையவே அசையாது"ன்னு சொல்வாங்க. உடம்பு தளர்வா, நாக்கு அப்பப்ப வந்துட்டு அசையாம இருந்தா சமத்து. உடம்பு கட்டை மாதிரி இறுகி நாக்கே வராம அசையாம இருந்தா அது பயத்துல உறைஞ்சு போயிருக்கு. வெளியில இருந்து பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், கையில இருக்கிற கனத்துலயும் இறுக்கத்துலயும்தான் வித்தியாசம் தெரியும்.

கையில எடுக்கிறதைப் பத்திக் கேட்டா எல்லாரும் கூண்டைப் பத்தியே பேசுறாங்க, ஏன்?

ஏன்னா பாதிக்கு மேல பிரச்சனை அங்கதான் இருக்கு. நாள் முழுக்க பயத்துலயே இருக்கிற பாம்பை பத்து நிமிஷம் கையில எடுத்து தைரியசாலி ஆக்க முடியாது.

கூண்டுல ஒளிஞ்சிக்க குறைஞ்சது ரெண்டு இடம் வேணும், சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு. குளிர்ந்த பக்கம் ஒண்ணு மட்டும் வச்சா பாம்பு சூடா, ஒளிவிடமான்னு தேர்ந்தெடுக்க வேண்டி வரும், பயந்த பாம்பு ஒளிவிடத்தைத்தான் எடுக்கும், அப்புறம் ஜீரணம் ஆகாம கக்கும். ஒளிவிடம் பெரிய குகை மாதிரி இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தா உடம்பு சுவத்துல எல்லாப் பக்கமும் இடிக்கணும், அந்த இடிப்புதான் அதுக்குப் பாதுகாப்பு. நடுவுல வெட்டவெளியா விடாம செயற்கை இலை, கார்க் பட்டை, குழாய்னு நிரப்பி விடுங்க. "இவ்வளவு அடைச்சா பாம்பு வெளியவே வராதே"ன்னு பயப்படுவாங்க, நடக்கிறது நேர் எதிர். எங்க போனாலும் மறைவு இருக்குன்னு தெரிஞ்ச பாம்புதான் வெளிய சுத்தும்.

வெப்பம்: பால் பைத்தானுக்கு சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு சூடான பக்கம் 29 முதல் 31, மத்த பக்கம் 22 முதல் 25 போதும். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) இல்லாம ஹீட்டரைப் போடாதீங்க, சூடு தாங்காத பாம்பு நிலை கொள்ளாம சுத்தும், எரிச்சலா இருக்கும், தீக்காயமும் படும். கூண்டை டிவி ஸ்பீக்கர் பக்கத்துலயோ, கதவு அடிச்சு அடிச்சு சாத்துற இடத்துலயோ வைக்காதீங்க. நாலு பக்கமும் கண்ணாடியா இருந்தா மூணு பக்கத்தை அட்டை வச்சு மறைங்க. இதை மட்டும் செஞ்சுட்டு ரெண்டு வாரம் பாருங்க, சில பாம்புக்கு வேற ஒண்ணுமே தேவைப்படாது.

எப்பெல்லாம் எடுக்கவே கூடாது?

சாப்பிட்டு 48 மணி நேரத்துக்கு. பெரிய இரையா இருந்தா வயித்துல இருக்கிற வீக்கம் மறையுற வரைக்கும். வயித்துல இரை இருக்கும்போது தூக்கினா பயத்துல கக்கிடும், கக்கும்போது வயித்து அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும், அதனால கக்கின பாம்புக்கு 10 முதல் 14 நாள் வரைக்கும் சாப்பாடு கொடுக்காம விட்டு அப்புறம் சின்ன இரையா ஆரம்பிக்கணும். கையில எடுக்கிறதும் அதுவரைக்கும் கிடையாது.

சட்டை உரிக்கப் போறப்பவும் கூடாது. தோல் மங்கி, கண்ணு பால் ஊத்தின மாதிரி நீலமா மாறும், அப்ப அதுக்கு சரியா பார்வை தெரியாது. பார்வை தெரியாதவனை திடீர்னு தொட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் அதுக்கும். சாதுவான பாம்பு கூட அந்த நாளுல கொத்தும். அப்புறம் கண்ணு தெளிஞ்சதும் முடிஞ்சிருச்சுன்னு எடுத்துடாதீங்க, கண்ணு தெளிஞ்சு சில நாள் கழிச்சுதான் சட்டை உரியும்.

உடம்பு சரியில்லாதப்ப, முட்டை சுமக்கும்போது, அப்புறம் நீங்க பதட்டமா அவசரமா இருக்கும்போது. கடைசியா சொன்னதை லேசா எடுத்துக்காதீங்க, கை நடுக்கம் முதல்ல தெரியுறது பாம்புக்குத்தான்.

சரி, எடுக்கிறது எப்படி? ஒவ்வொரு படியா சொல்லுங்க.

முதல்ல கையைக் கழுவுங்க. எலி வாசனையோ, வேற வளர்ப்புப் பிராணி வாசனையோ கையில இருந்தா பாம்புக்கு நீங்க சாப்பாடு. வாசனை அதிகமா இருக்கிற சோப்பு, பெர்ஃப்யூம் வேணாம். ரூம் கதவை சாத்திட்டு, பாம்பைத் திரும்ப விட வழியை ரெடி பண்ணிக்கோங்க, கையில பாம்பை வச்சுக்கிட்டு மூடியைத் தேடக் கூடாது.

கூண்டைத் திறந்ததும் கையை விடாதீங்க. ஒரு அரை நிமிஷம் சும்மா நில்லுங்க, பாம்பு உங்களைக் கவனிக்கட்டும். அது தூக்கத்துல இருக்கலாம், கண்ணு திறந்திருக்கிறதால நமக்குத் தெரியாது. ஒளிவிடத்துக்குள்ள இருந்தா அதுக்குள்ள கையை விட்டு இழுக்காதீங்க, அது அதோட வீடு, அங்கயும் கை வரும்னு ஆகிட்டா அப்புறம் அதுக்குப் போக்கிடமே இல்ல. ஒளிவிடத்தை மெதுவா தூக்கி ஓரமா வச்சுட்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் எடுங்க.

கை மேல இருந்து வரக் கூடாது, பக்கவாட்டுல, தரையோட தரையா வரணும். முகத்துக்கு நேரா போகக் கூடாது. பைத்தான்களுக்கு உதட்டோரத்துல வரிசையா சின்னச் சின்னக் குழி இருக்கும், அதுல வெப்பம் தெரியும், முகத்துக்கு நேரா வர்ற சூடான விரல் அதுக்கு எலி மாதிரிதான். உடம்போட நடுப்பகுதியில, முடிஞ்சா அடிப்பக்கமா விரலை நுழைச்சு, ஒரே சீரா தூக்குங்க. இங்க தயங்குறதுதான் பெரிய தப்பு. தொட்டுட்டு கையை இழுக்குறது, திரும்ப தொடுறது, திரும்ப இழுக்குறதுன்னு செஞ்சா பாம்பு ஒவ்வொரு தடவையும் பயந்து கடைசியில கொத்தும். எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா மெதுவா, ஆனா நிறுத்தாம எடுங்க. எடுக்க வேணாம்னு தோணுச்சுன்னா கையை உள்ளயே விடாதீங்க, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

தூக்கினதும் ரெண்டாவது கையை பின்பாதிக்குக் கொடுங்க. தொங்குற பாம்பு கீழ விழுந்துடுவோமோன்னு பயப்படும், உடம்பு முழுக்கத் தாங்கல் இருந்தா அதுவே பாதி அமைதி. கழுத்தைப் பிடிக்காதீங்க, தலையைத் தொடாதீங்க, வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. இறுக்கமா பிடிக்காம மரக்கிளை மாதிரி இருங்க. அது முன்னால போனா இன்னொரு கையை முன்னாடி கொண்டு வந்து வைங்க, அதுல ஏறும், பின்னாடி கையை எடுத்து மறுபடி முன்னாடி வைங்க. வேகமா ஓடுற பாம்பு கூட இப்படி கை மாத்தி கை மாத்தி விட்டா கொஞ்ச நேரத்துல வேகத்தைக் குறைச்சுக்கும்.

முதல் சில தடவை தரையில உக்காந்து செய்ங்க. கை தவறினாலும் பாம்புக்கு அடி படாது.

ஹூக் (முனை வளைஞ்ச கம்பி) வச்சு எடுக்கிறது பாம்பைக் கொடுமைப்படுத்துறது இல்லையா?

இல்ல, சரியா பயன்படுத்தினா உங்களை விட ஹூக்தான் பாம்புக்கு இதமா இருக்கும். ஹூக்ல சூடு இல்ல, வாசனை இல்ல, அதனால இரைன்னு நினைக்காது. நான் பழக்குறது இப்படி: கூண்டைத் திறந்ததும் ஹூக்கோட வளைஞ்ச பக்கத்தால பாம்போட நடு உடம்பை லேசா தடவுவேன், தட்டுறது கூட இல்ல, தடவுறது. ஒவ்வொரு தடவையும் எடுக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்வேன், சாப்பாடு கொடுக்கிற அன்னைக்கு செய்யவே மாட்டேன். சில வாரத்துல பாம்புக்குப் புரிஞ்சிடும், ஹூக் பட்டா வெளிய போறோம், படலன்னா சாப்பாடு. கார்பெட் பைத்தான், கிங் ஸ்நேக் மாதிரி சாப்பாட்டு வெறி இருக்கிற பாம்புக்கு இது ரொம்ப நல்லா வேலை செய்யும். பெரிய பாம்பை ஒரே ஹூக்ல தொங்க விடாதீங்க, முன்பக்கத்துக்கு ஹூக், பின்பக்கத்துக்குக் கை.

கிளவுஸ் போடலாமா?

உங்க பயம் போகும்னா மெல்லிசா ஒண்ணு போட்டுக்கோங்க, தப்பே இல்ல. தடியான தோல் கிளவுஸ் வேணாம், எவ்வளவு அழுத்துறோம்னு கையில தெரியாது, செதிலுக்கும் விலாவுக்கும் அடி படும். முழுக்கை சட்டை போட்டாலே பாதி தைரியம் வந்துடும்.

எவ்வளவு நேரம், வாரத்துக்கு எத்தனை தடவை?

ஆரம்பத்துல 2 முதல் 5 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு தடவை. அமைதியா இருந்தா மெதுவா 10, 15 நிமிஷம்னு கூட்டிக்கலாம். தினமும் எடுத்தா சீக்கிரம் பழகும்னு சிலர் சொல்றாங்க, பயந்த பாம்புக்கு நான் அதை ஒத்துக்க மாட்டேன். ஒரு தடவை பயந்ததுல இருந்து மீண்டு வர்றதுக்குள்ள அடுத்த தடவை வந்துட்டா பயம் குறையாது, ஏறும். முக்கியமா ஒரு பழக்கம் சொல்றேன், பாம்பு அமைதியா இருக்கும்போதே திரும்ப விட்ருங்க. நல்லா போய்க்கிட்டு இருக்கும்போது "இன்னும் கொஞ்ச நேரம்"னு ஆசை வரும், அந்த நேரத்துலதான் விடணும்.

கையில இருக்கும்போது சீற ஆரம்பிச்சா உடனே உள்ள விடணுமா? விட்டா "சீறினா தப்பிச்சுடலாம்"னு கத்துக்காதா?

இந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. நான் செய்றது என்னன்னா, சீறினதும் கையை ஆட்டவோ உதறவோ மாட்டேன், அப்படியே சிலையா நின்னுடுவேன், பாம்பை இறுக்கவும் மாட்டேன். முக்கால்வாசி நேரம் அரை நிமிஷத்துல மூச்சு சீராகும், நாக்கு வெளிய வரும். அந்த நாக்கு வந்ததும் மெதுவா உள்ள விட்ருவேன். இதனால அது அமைதியானதுக்கு அப்புறம்தான் வீட்டுக்குப் போகுது. ஆனா ஒரு நிமிஷம் ஆகியும் அடங்கல, வாயைத் திறந்து காட்டுது, கழிவை விடுது, உடம்பை முறுக்குதுன்னா அதுக்கு மேல காத்திருக்க வேணாம், விட்ருங்க. "அது தோத்துப் போற வரைக்கும் பிடிச்சு வை"ன்னு சொல்ற அறிவுரையைக் கேக்காதீங்க. அப்படிப் பிடிச்சு வச்சா பாம்பு அமைதியாகாது, மேல சொன்னேனே அந்த உறையிற நிலைக்குப் போகும். சீறுறதை அடக்கவும் பார்க்காதீங்க, சீறாம நேரா கொத்துற பாம்பை விட சீறி எச்சரிக்கிற பாம்பு எவ்வளவோ மேல்.

கடிச்சிருச்சு! இப்ப என்ன செய்யணும்?

கையை இழுக்காதீங்க. சொல்றது சுலபம், உடம்பு தானா இழுக்கும்னு தெரியும், ஆனா பாம்போட பல்லு எல்லாம் ஊசி மாதிரி பின்பக்கமா வளைஞ்சிருக்கும், இழுத்தா உங்க தோலும் கிழியும், பாம்போட பல்லும் உடைஞ்சு உள்ள தங்கும், அதோட வாயும் புண்ணாகும். பயத்துல கொத்துற கொத்து பெரும்பாலும் கண் இமைக்கிற நேரத்துல முடிஞ்சிடும், கொத்திட்டு விட்ரும். சின்னப் பாம்பா இருந்தா வலி முள்ளு கீறின அளவுதான், ரத்தம்தான் கொஞ்சம் பயமுறுத்துற மாதிரி வரும்.

இரைன்னு நினைச்சு கடிச்சா விடாம பிடிச்சுக்கும், சுத்திக்கவும் செய்யும். அப்ப குளிர்ந்த தண்ணிய குழாய்ல மெதுவா திறந்து அது வாய்ப்பக்கம் படுற மாதிரி காட்டுங்க, பெரும்பாலும் விட்ரும். சுத்தியிருந்தா வால் பக்கத்துல இருந்து பிரிங்க, தலைப்பக்கத்துல இருந்து பிரிக்க முடியாது. இதுக்காகத்தான் 2.4 மீட்டருக்கு மேல இருக்கிற பைத்தான், போவா எதையும் தனியா எடுக்கக் கூடாதுன்னு சொல்றது, பக்கத்துல இன்னொரு பெரியவங்க கண்டிப்பா இருக்கணும்.

காயத்தை சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, வீக்கமோ சிவப்போ அதிகமானாலோ பல்லு உள்ள இருக்குன்னு சந்தேகம் வந்தாலோ டாக்டரைப் பாருங்க, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டீங்கன்னும் யோசிங்க. பாம்பை அடிக்காதீங்க, மூக்குல சுண்டாதீங்க. அதுக்கு அது தண்டனைன்னு புரியாது, கைன்னா வலின்னு மட்டும் புரியும்.

கூண்டுக்குள்ள கையை விட்டா பாய்ஞ்சு வருது, வெளிய எடுத்துட்டா சாதுவா இருக்கு. இது என்ன?

இது பயமே இல்லாம கூட இருக்கலாம், பசி. பயந்த பாம்பு பின்வாங்கும், சீறும், உங்களைத் தள்ளி நிக்க வைக்கப் பார்க்கும். பசிச்ச பாம்பு சத்தமே போடாம, நாக்கை வேகமா ஆட்டிக்கிட்டு, கையை நோக்கி முன்னால வரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. பசிக்காரனுக்கு ஹூக் பழக்கம்தான் மருந்து, சாப்பாடு எப்பவும் நீளமான இடுக்கியில கொடுக்கணும், கையில கொடுக்கவே கூடாது.

வேற டப்பால மாத்தி சாப்பாடு கொடுத்தா இது போகும்னு பழைய அறிவுரை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. நான் பரிந்துரைக்க மாட்டேன். கூச்சப்படுற பாம்பு புது டப்பால சாப்பிடாது, சாப்பிட்டாலும் வயிறு நிறைஞ்ச பாம்பை, அதுவும் இன்னும் இரை தேடுற வேகத்துல இருக்கிறதை, கையில தூக்கி திரும்ப விடணும். கடி வாங்குறதுக்கும் கக்க வைக்கிறதுக்கும் இதை விட வசதியான நேரம் கிடையாது.

என் பால் பைத்தான் கொத்தல, சீறல, ஆனா எடுத்தாலே பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ள வச்சுக்குது. ஒண்ணும் பண்ணலையே, பரவாயில்லையா?

அதுக்குப் பேர் வந்ததே இந்தப் பழக்கத்துலதான். பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன், கொத்துற பாம்பு வெளிப்படையா சொல்ற பயத்தை இது உள்ளுக்குள்ள சொல்லுது. சுருளைப் பிரிக்கப் பார்க்காதீங்க. ரெண்டு கையையும் கிண்ணம் மாதிரி குவிச்சு மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. விளக்கைக் கொஞ்சம் குறைங்க, இது சாயங்காலத்துக்கு மேல நடமாடுற பாம்பு, பளீர்னு வெளிச்சம் பிடிக்காது. அஞ்சு நிமிஷத்துல தலை எட்டிப் பார்க்கலன்னா திரும்ப விட்ருங்க.

இந்த மாதிரி பாம்புக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, எடுக்காமலே இருக்கிறது. சாயங்காலம் அது தானா வெளிய நடமாடுற நேரத்துல கூண்டுக் கதவைத் திறந்து வச்சுட்டு பக்கத்துல உக்காந்துக்கோங்க, கையை வாசல்ல தரையோட வைங்க, நீட்ட வேணாம். முதல் வாரம் ஒண்ணும் நடக்காது. அப்புறம் ஒரு நாள் வந்து நாக்கால விரலைத் தொட்டுட்டுப் போயிடும். இன்னொரு நாள் தாடையை கை மேல வைக்கும். என்னோட பால் பைத்தான் ஆறாவது வாரம் தானா மணிக்கட்டு மேல ஏறி முழங்கை வரைக்கும் வந்து நின்னுச்சு. அன்னைக்கு இருந்த சந்தோஷத்தை எனக்கு சொல்லத் தெரியல. தானா வர்ற பாம்புக்கும் தூக்கி எடுத்த பாம்புக்கும் உடம்புல எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. பூனை, எலி இதெல்லாம் ரூம்ல இருக்கக் கூடாது, சந்து பொந்து எல்லாம் அடைச்சிருக்கணும், அது மட்டும் கவனம்.

ஹாக்னோஸ் பாம்புக் குட்டி கழுத்தை விரிச்சு சீறுது, மூக்கால முட்டுது, அப்புறம் செத்த மாதிரி மல்லாந்து விழுது. பயமா இருக்கு.

அது நடிப்பு. ஹாக்னோஸ் வாயை மூடிக்கிட்டேதான் பெரும்பாலும் முட்டும், அதுவும் பலிக்கலன்னா வாயைப் பொளந்து நாக்கைத் தொங்கவிட்டு மல்லாந்துக்கும், நீங்க திருப்பிப் போட்டா திரும்பவும் மல்லாந்துக்கும். வேடிக்கைக்காக இதைச் செய்ய வைக்காதீங்க, அது உயிர் பயத்துல செய்ற கடைசி முயற்சி. அந்த அளவுக்குப் போயிடுச்சுன்னா அன்னைக்கு எடுக்கிறதை நிறுத்திடுங்க. இன்னொண்ணு, இதுக்கு மேல்வாயில பின்பக்கம் பெரிய பல்லும் லேசான விஷமும் உண்டு, மென்னு பிடிச்சுக்கிட்டே இருந்தா கை வீங்கும், அதனால சாப்பாட்டு வாசனையோட கையை விடாதீங்க.

குட்டிதான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுது, வளர்ந்தா இன்னும் மோசமாகுமா?

பெரும்பாலும் குறையும். பென்சில் அளவு இருக்கும்போது உலகத்துல இருக்கிறது எல்லாமே அதைத் திங்கத்தான் வருது, பறவை, தவளை, பெரிய பாம்பு எல்லாம், அதனால குட்டி யாரையும் நம்பாது. உடம்பு பெருசாக பெருசாக அந்தப் பதட்டம் தணியும்.

பாம்புகிட்ட பேசினா பழகுமா? அதுக்குக் காது கேக்குமா?

நம்ம ஊர்ப் பேச்சுல கூர்மையா கேக்கிறவங்களுக்கு "பாம்புக் காது"ன்னு சொல்றோம், இன்னொரு பக்கம் பாம்புக்குக் காதே கிடையாதுன்னும் படிச்சிருப்போம். உண்மை நடுவுல இருக்கு. வெளிக்காதும் செவிப்பறையும் இல்ல, ஆனா உள்காது இருக்கு, அது தாடை எலும்போட சேர்ந்திருக்கு. தரையில வர்ற அதிர்வு தாடை வழியா நல்லா தெரியும், காத்துல வர்ற தாழ்ந்த சத்தமும் ஓரளவு கேக்கும். அதனால உங்க பேச்சுல அர்த்தம் புரியாது, ஆனா தடதடன்னு நடக்கிறதும் கூண்டு மூடியைப் பட்டுன்னு வைக்கிறதும் அதுக்குப் பெரிய இடி. மெதுவா நடங்க, மூடியைச் சத்தமில்லாம எடுங்க.

நான் போட்ட பழைய டீ-ஷர்ட்டை கூண்டுல வச்சா என் வாசனைக்குப் பழகுமா?

செய்யலாம், கெடுதல் இல்ல. சென்ட், டியோடரன்ட் படாத துணியா, நூல் பிரியாததா இருக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் வச்சுட்டு எடுத்துடுங்க, ஈரமானா உடனே எடுங்க. ஆனா இதை மட்டும் நம்பி மத்ததை விட்டுடாதீங்க.

குழந்தைங்க, வீட்டுக்கு வர்றவங்க தொடணும்னு கேக்கிறாங்க.

பயந்த பாம்பை யாருகிட்டயும் கொடுக்காதீங்க, கூண்டுக்கு வெளிய இருந்து பார்க்கட்டும். உங்க கையில ரெண்டு மூணு மாசம் நிம்மதியா இருந்த பாம்பா இருந்தா, நீங்க வச்சுக்கிட்டு, வந்தவங்க வால் பக்கத்து முதுகுல ரெண்டு விரலால தடவலாம். கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிறது வேணவே வேணாம், எந்த அளவு பாம்பா இருந்தாலும்.

பாம்பு சுத்தமா இருந்தாலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டதும் எல்லாரும் சோப்பு போட்டு கை கழுவணும். 5 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க, வயசானவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க தொடாம இருக்கிறதுதான் நல்லது. சமையல் பண்ற இடத்துக்குப் பாம்பையும் அதோட பாத்திரத்தையும் கொண்டு போகாதீங்க.

உண்மையைச் சொல்லணும்னா எனக்குத்தான் பயமா இருக்கு.

இதைச் சொல்ல வெக்கப்படாதீங்க, நிறைய பேருக்கு இருக்கு. பாம்பு சுருண்டு அமைதியா இருக்கும்போது முதல்ல கூண்டுல தண்ணி மாத்துறது, இலையை நகர்த்துறதுன்னு கை அங்க இருக்கிறதுக்கு நீங்களும் பழகுங்க. எங்க கொத்து விழும்னு பயப்படுறீங்களோ அந்தத் தலைப்பக்கத்தை மறைக்க ஒரு மெல்லிய துணியையோ ஹூக்கையோ நடுவுல வச்சுக்கிட்டு எடுங்க. அனுபவம் இருக்கிறவங்க யாராவது எடுத்து உங்க கையில கொடுத்தா இன்னும் சுலபம், ஏன்னா எடுக்கிற அந்த ரெண்டு நொடிதான் கஷ்டம், கைக்கு வந்துட்டா பாதி பயம் ரெண்டு பேருக்கும் போயிடும்.

மாசக்கணக்கா எல்லாம் செஞ்சும் மாறலன்னா? இல்ல, நல்லா இருந்த பாம்பு திடீர்னு சீற ஆரம்பிச்சா?

ரெண்டும் வேற விஷயம். திடீர்னு மாறினா அதை குணம்னு நினைக்காதீங்க, எங்கயோ வலிக்குதான்னு முதல்ல சந்தேகப்படுங்க. வாயைத் திறந்து மூச்சு விடுதா, மூச்சுல கரகர சத்தமோ வாயில கோழையோ இருக்கா, செதிலுக்கு நடுவுல மிளகுத்தூள் மாதிரி உண்ணி ஓடுதா, வயித்துச் செதில் சிவந்தோ கறுத்தோ இருக்கா, பழைய சட்டை கண்ணு மேலயோ வால் நுனியிலயோ ஒட்டிக்கிட்டு இருக்கா, எடை குறையுதா பாருங்க. எடைக்கு ஒரு கிராம் தராசு வாங்கி மாசம் ஒரு தடவை எழுதி வச்சுக்கிட்டா தெளிவா தெரியும். இதுல எது இருந்தாலும் ஊர்வன பார்க்கிற கால்நடை டாக்டர்கிட்ட போங்க, அது சரியாகுற வரைக்கும் பழக்குறதை நிறுத்திடுங்க.

உடம்பு நல்லா இருக்கு, கூண்டும் சரியா இருக்கு, ஆறு மாசம் பொறுமையா செஞ்சும் பிடிக்கலன்னா, சில பாம்புக்குப் பிடிக்கவே பிடிக்காது. என்கிட்ட ஒரு கிங் ஸ்நேக் அப்படி இருக்கு, ஏழு வருஷமாச்சு. கூண்டு கழுவவும் எடை பார்க்கவும் மட்டும் ஹூக்ல எடுத்து ஒரு டப்பால வைப்பேன், ரெண்டு நிமிஷத்துல திரும்ப உள்ள விட்ருவேன். மத்தபடி ராத்திரி அது வெளிய வந்து இலைக்கு நடுவுல சுத்துறதை நாற்காலி போட்டு உக்காந்து பார்ப்பேன். நல்லா சாப்பிடுது, ஒரே துண்டா சட்டை உரிக்குது.